சோற்றைக் குறைத்தால் ஊசி தள்ளிப்போகுமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். கோவா மட்டும் 26.4 என்று மயிரிழை முன்னால் நிற்கிறது. பக்கத்துத் தமிழ்நாட்டில் 14.4தான். நால்வரில் ஒருவருக்கு நோய் உள்ள ஊரில், மாத்திரையோடு நின்றுவிடுமா, இன்சுலின் ஊசிக்குப் போக வேண்டி வருமா என்ற கவலை இயல்பானது. அதற்குப் பதில் பெருமளவு சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது.

இரண்டாம் வகை சர்க்கரை நோயில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாக இணங்குவதில்லை. ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரந்து, ஆண்டுகள் போகப் போகச் சோர்கிறது. மாவுச்சத்தைக் குறைத்தால் அதன் வேலைப்பளு குறையும். நடந்தால், இயங்கும் தசைகள் இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இது இன்றைய மோகம் அல்ல. 1870-ல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டு உணவு பங்கீடானபோது, நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததைப் பிரெஞ்சு மருத்துவர் அப்பொல்லினேர் பூஷார்தா கவனித்தார். மாவுப் பண்டத்தைக் குறை, உடலை உழைக்க விடு என்பதே அவருடைய வைத்தியம். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1921-ல். (1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய புதுச்சேரிக்கு இந்தப் பாடம் அந்நியமாக இருக்கக் கூடாது.)

சோறு இல்லாமல் தமிழன் வாழ்வானா என்பார்கள். யாரும் அப்படி வாழச் சொல்லவில்லை. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. புதிதாக நோய் கண்டவர்கள் அதிலிருந்து மீள, 49 முதல் 54 விழுக்காடு போதும் என்று 18,090 பேரின் உணவை அலசிய 2022-ஆம் ஆண்டு ஆய்வு கணித்தது; புரதம் 20 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும். நடைமுறையில், சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் காயும் பருப்பும் முட்டையும் மீனும் வைப்பது. மத்தியும் சுண்டலும் பணக்காரர் உணவல்ல என்பதால் புரதம் கட்டுப்படியாகாது என்ற வாதமும் முழுதாக நிற்காது. அரிசியை விட்டுக் கேழ்வரகுக் களிக்கு மாறினால் போதும் என்பதுதான் உண்மையில் ஏமாற்றும் நம்பிக்கை: களியிலும் மாவுச்சத்துதான் மிகுதி, அளவு குறையாவிட்டால் தானியம் மாறியதால் பெரிய லாபம் இல்லை.

பலன் மாவுச்சத்தைக் குறைத்ததாலா, எடை குறைந்ததாலா என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்து இன்சுலின் தொடங்காதவர்களுக்குச் சில மாதங்கள் நாளொன்றுக்கு 850 கலோரி அளவில் உணவு தரப்பட்டது. ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினர் மாத்திரையின்றி நோயின் எல்லைக்குக் கீழே வந்திருந்தனர். ஆக, எடைக்குப் பெரும் பங்கு உண்டு. சோற்றுத் தட்டைச் சுருக்குவது நமக்கு அதற்கான எளிய வழி. மெலிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. உடற்பயிற்சிக்கோ சான்று சென்னையிலேயே உண்டு: நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவு மாற்றமும் நடையும் நோய் வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 26.4. மாலை 6 மணிக்கு மேல் வண்டிகள் வராத கடற்கரைச் சாலை உள்ள ஊருக்கு நடக்க இடமில்லை என்ற சாக்கு கிடையாது.

கடைசி ஆட்சேபம் மருத்துவர்களுடையது, அதுவே கனமானது. ஊசியைத் தள்ளிப்போடும் ஆசையில் சிலர் சர்க்கரையை ஏறவிட்டுக் கண்ணையும் சிறுநீரகத்தையும் பறிகொடுக்கிறார்கள். தள்ளிப்போக வேண்டியது இன்சுலினின் தேவை. தேவை வந்துவிட்டால் ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது. முதல் வகை நோயாளிகளுக்குத் தள்ளிப்போடும் பேச்சுக்கே இடமில்லை. மாத்திரை சாப்பிடுவோர் சோற்றைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாங்களாகக் கூட்டக் கூடாது. தட்டை மாற்றுவதற்கு முன் மருந்துச் சீட்டோடு மருத்துவரைப் பாருங்கள்.