தொழில் தொடங்கியாயிற்று, அடுத்தது என்ன? கரையோரப் பெண்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை அம்பாறைக் கரையோரத்தில் பெண்கள் செய்யும் தொழில்களுக்குக் குறைவில்லை. மருதமுனையின் கைத்தறியை நாடே அறியும். அதைவிட ஊருக்கு ஊர் அபாயாத் தையல், மசாலாத் தூள், இடியப்பம், கேக், பன்பாய் என்று வீட்டுக்குள்ளேயே நடக்கும் வியாபாரம் ஏராளம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த உதவி நிறுவனங்கள் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் கொடுத்தன. தொடங்கி வைக்க அன்றும் ஆள் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஓர் இயந்திரம் மூன்றாகும்போதும், குசினி அடுப்பு சிறு தொழிற்கூடமாகும்போதும்தான் துணைக்கு யாரும் இருப்பதில்லை.

இலங்கையில் உழைக்கும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர்தான் தொழிற்படையில் இருப்பதாகத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கு காட்டுகிறது. விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி நூறு இடியப்பம் அவித்து விற்கும் பெண்கூட, கேட்டால் 'நான் வீட்டிலதான் இரிக்கன்' என்றே சொல்வாள். அவள் தன்னைத் தொழில் செய்பவளாக எண்ணுவதும், அதைத் தன் பெயரில் காகிதத்தில் கொண்டுவருவதும்தான் வளர்ச்சியின் முதற்படி. கீழே உள்ள கேள்விகளில் பாதி அதைச் சுற்றியே வருகின்றன.

வீட்டில் இருந்து தைத்துக் கொடுக்கிறேன். இதற்கும் வியாபாரப் பதிவு வேண்டுமா?

உங்கள் சொந்த முழுப்பெயரில் வியாபாரம் செய்தால் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. 'நூர் பெஷன்ஸ்' என்றோ 'உம்மாவின் மசாலா' என்றோ வேறு பெயர் வைத்தால் பதிவு கட்டாயம். ஆனால் கட்டாயமா என்பதைவிட, அது இல்லாமல் எதெல்லாம் கைநழுவுகிறது என்றுதான் நான் கேட்பேன். வங்கி வியாபாரக் கடன் தராது. கொழும்புக் கடை பில் கேட்கும். கண்காட்சிக்கும் மானியத்துக்கும் விண்ணப்பம் கோரும்போது முதல் வரியிலேயே பதிவு இலக்கம் கேட்பார்கள்.

பதிவு பிரதேச செயலகத்தில் நடக்கிறது. விண்ணப்பம், அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், தொழில் நடக்கும் இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றோடு போக வேண்டும். வேலை பெரியதல்ல, அலைச்சல்தான். நம் ஊர்களில் பல பெண்கள் 'அவர் போய் எடுத்து வரட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். அவரும் போய்த் தன் பெயரிலேயே பதிந்து வருகிறார். தைப்பது நீங்கள், பதிவோ அவருடையது. நாளை பெண் தொழில்முனைவோருக்கென்று ஒரு கடனோ பயிற்சியோ வந்தால் ஆவணத்தின்படி உங்களுக்குத் தொழிலே இல்லை. தயவுசெய்து நீங்களே போங்கள்.

இதை உள்ளூராட்சி அனுமதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கல்முனை மாநகர சபையோ உங்கள் பிரதேச சபையோ சில தொழில்களுக்குத் தனியே வருடாந்த அனுமதிப்பத்திரம் கேட்கும். உணவென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பார்ப்பார். அவர் வருகிறார் என்று பயப்படுபவர்கள் அதிகம். அவரை முன்கூட்டியே சந்தித்து, அடுப்படியில் என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டுவிட்டால் பிறகு வரும் செலவு பெருமளவு மிச்சம்.

கடன் எடுக்க மாப்பிள்ளையின் கையெழுத்து கட்டாயமா?

இல்லை. முஸ்லிம் சட்டப்படி மனைவியின் சொத்தும் சம்பாத்தியமும் மனைவிக்கே. வயது வந்த ஒரு பெண் தனியே ஒப்பந்தம் செய்யலாம். வங்கிகள் கேட்பது பிணையாளியை. அது கணவராக இருக்கலாம், வேறொருவராகவும் இருக்கலாம்.

நம் கரையோரத்துக்கு வேறு பகுதிகளில் அரிதான ஒரு பலம் உண்டு. இங்கே வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்படுகிறது, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். எனவே உறுதி பெண்ணின் பெயரில் இருக்கும். ஆனால் சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுத்த வீடுகள் பலவற்றில் 'குடும்பத் தலைவர்' என்று கணவரின் பெயரே எழுதப்பட்டது. தலைமுறையாக வந்த உரிமை அந்த ஒரு சொல்லால் கைமாறியது. உங்கள் வீட்டு உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அரசு பெர்மிட்டில் தந்த காணியாக இருந்தால், வாரிசுரிமையில் ஆண்பிள்ளைக்கு முதலிடம் தந்த 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, ஆண் பெண் வேறுபாடு நீக்கப்பட்டிருக்கிறது என்பதையும் தெரிந்து வையுங்கள்.

உறுதி கையில் இருக்கிறதே என்று இரண்டு தையல் இயந்திரத்துக்காக வீட்டை ஈடு வைக்காதீர்கள். அது பிள்ளைக்குப் போக வேண்டிய வீடு.

கிழமை லோன் லேசாகக் கிடைக்கிறது. எடுத்தால் என்ன?

நுண்கடன் கம்பனிக்காரர்கள் வாசலுக்கே வந்து தருகிறார்கள், உறுதி கேட்பதில்லை. அதனால்தான் பெண்கள் எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வட்டியை மட்டும் கணக்குப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். ஒரு லட்சம் ரூபா கடன், 52 கிழமை, வட்டி 24 சதவீதம் என்கிறார்கள். மொத்தம் 124,000 ரூபா, கிழமைக்கு ஏறத்தாழ 2,385 ரூபா. முதல் கிழமையிலிருந்தே முதலும் திரும்பிப் போகத் தொடங்குகிறது. ஆண்டு முழுவதும் சராசரியாக உங்கள் கையில் இருப்பது அரை லட்சம்தான், வட்டியோ முழு லட்சத்துக்கும். குறைந்து வரும் மீதியில் கணக்கிட்டால் அது ஆண்டுக்குச் சுமார் 44 சதவீதம். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முன்னமே கழித்துக்கொண்டால் இன்னும் ஏறும். எனவே 'எத்தனை சதவீதம்?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'கடைசியில் மொத்தமாக எவ்வளவு கட்டுவேன்? வட்டி குறைந்து வரும் மீதியிலா, முழுத் தொகையிலா?' என்று கேளுங்கள்.

தவணை விழும் காலமும் வியாபாரத்தோடு பொருந்துவதில்லை. தையலில் காசு புரள்வது நோன்புப் பெருநாளையும் ஹஜ் பெருநாளையும் ஒட்டித்தான். தவணையோ 52 கிழமையும் வரும். கையில் காசில்லாத கிழமைக்கு இன்னொரு கம்பனியில் எடுத்து இதைக் கட்டுவார்கள். சுருக்கு இறுகுவது அங்கேதான்.

இது நம் ஊரின் கதை மட்டுமல்ல. 2018 செப்டம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களுக்கு 220 சதவீதம் வரை வட்டி அறவிடப்படுவதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு, வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமல் நின்ற ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை நீக்கும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. 2021இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

கடன் தரும் நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று முதலில் பாருங்கள். அனுமதி பெற்றவற்றின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. மிரட்டல், மறைத்த கட்டணம் போன்ற முறைப்பாடுகளுக்கு அதன் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

வட்டியே வேண்டாம் என்று நினைக்கிறேன். எனக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது. இஸ்லாமிய முறை வங்கிச் சேவைக்கு 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. முழுமையாக அந்த முறையில் இயங்கும் அமானா வங்கி 2011இல் தொடங்கியது. கொமர்ஷல் வங்கி, எச்.என்.பி. போன்றவற்றிலும் தனிப் பிரிவுகள் உண்டு. சிறு தொழிலுக்குப் பொதுவாகப் பொருந்துவது முராபஹா. உங்களுக்குத் தேவையான இயந்திரத்தை வங்கி வாங்கி, தன் இலாபத்தை வெளிப்படையாகச் சொல்லி, அந்தக் கூடிய விலைக்குத் தவணையில் உங்களுக்கு விற்கும். விலை முதலிலேயே முடிவாகிவிடுவதால் பிறகு ஏறாது. ஆனால் இலவசம் என்று எண்ண வேண்டாம், மொத்தத் தொகையை இங்கும் கேட்டே ஆக வேண்டும். பதிவும் வங்கிக் கணக்குக் கூற்றும் இவர்களும் கேட்பார்கள்.

வட்டியில்லாத இன்னொரு வழியான சீட்டும் நல்லதுதான். தெரிந்தவர்களுக்குள், சிறு தொகையோடு இருக்கும்வரை.

டின் இலக்கம் எடுத்தால் வரி கட்ட வேண்டி வருமா?

இந்தப் பயத்தாலேயே பலர் பதிவுப் பக்கம் போவதில்லை. 2024 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் இறைவரித் திணைக்களத்தில் பதிந்து டின் எனும் வரி செலுத்துவோர் இலக்கம் எடுக்க வேண்டும் என்பது விதி. அது ஓர் அடையாள இலக்கம், வரிச் சிட்டையல்ல. 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 லட்சம் ரூபா வரையான வருமானத்துக்குத் தனிநபர் வருமான வரி இல்லை. அதாவது மாதம் சராசரி ஒன்றரை லட்சம். அதுவும் விற்பனைத் தொகை அல்ல, துணியும் நூலும் கூலியும் கழித்த பிறகு மிஞ்சுவது. வீட்டுத் தொழில் செய்பவர்களில் பெரும்பாலானோர் இந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிறார்கள்.

நல்லாத்தான் விற்கிறது. ஆனால் கையில் ஒன்றும் நிற்கவில்லையே?

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. ஓர் அபாயாவுக்குத் துணி, நூல், பட்டன், மின்சாரம் எல்லாம் சேர்த்து 3,000 ரூபா என்று வைப்போம். 500 ரூபா கூட்டி 3,500க்கு விற்கிறீர்கள். தைக்க ஐந்து மணித்தியாலம். உங்கள் உழைப்புக்கு மணிக்கு 100 ரூபா விழுகிறது. 'நான்தானே தைக்கிறேன், பரவாயில்லை' என்று விடுகிறீர்கள். ஓடர் பெருகி, மணிக்கு 200 ரூபா கூலியில் ஒரு பிள்ளையை எடுத்தால் அடக்கவிலை 4,000 ஆகிறது. ஒவ்வோர் அபாயாவிலும் 500 ரூபா நட்டம். சொந்தக் கூலியை விலையில் சேர்க்காத பெண்ணால் இன்னொருத்தியை வேலைக்கு எடுக்கவே முடியாது. தொழில் அவளுடைய இரண்டு கைகளோடு நின்றுவிடும்.

ஒரு கொப்பி போதும். வாங்கியது, விற்றது, கடனுக்குக் கொடுத்தது, எடுத்துக்கொண்ட நேரம். வீட்டுச் செலவுக்கு எடுத்த காசையும் எழுதுங்கள். விற்ற காசை வங்கியில் போட்டு எடுத்தால் ஆறு மாதத்துக் கூற்றே நாளைய கடன் விண்ணப்பத்துக்குச் சாட்சி.

கைத்தறிக்காரர்களுக்கு இன்னொன்று. நூலும் சாயமும் பெரும்பாலும் இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐ எட்டியபோது, பழைய விலைக்கு ஓடர் ஏற்றவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பெரிய ஓடரென்றால் நூல் வாங்கும் அளவுக்கு முற்பணம் வாங்குங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

அரச உதவி யாரிடம் கேட்பது?

பிரதேச செயலகத்திலேயே மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், தொழில்முயற்சி அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், சிறு தொழிலுக்குத் தொழில்நுட்ப உதவி தரும் விதாதா வள நிலையத்தினர் எல்லாரும் இருக்கிறார்கள். வெளியே கைத்தொழில் அபிவிருத்திச் சபையும் கைப்பணியாளர்களுக்குத் தேசிய அருங்கலைகள் பேரவையும் உண்டு. கடன் திட்டங்களின் பெயர் அரசாங்கத்தோடு மாறும். 2018இல் 'என்டர்பிரைஸ் ஸ்ரீலங்கா' என்றார்கள், பிறகு அது மறைந்தது. எனவே திட்டத்தின் பெயரை நம்பிப் போகாமல், உத்தியோகத்தரைத் தெரிந்து வைத்து, ஆவணங்களை ஒரு கோப்பில் தயாராக வையுங்கள். அறிவிப்பு வரும் அன்று ஓடுபவருக்குக் காலம் போதாது.

பத்து வருடம் தைத்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் கவனிக்க வேண்டியது என்.வி.கியூ. பாடநெறிக்குப் போகாமல், கையில் உள்ள திறமையைச் செய்து காட்டியே தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறும் முறை இருக்கிறது. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையான நைட்டாவின் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இரண்டு பிள்ளைகள் வேலைக்கு இருந்தாலும் ஈ.பி.எஃப். கட்ட வேண்டுமா?

ஒருவர் இருந்தாலும் வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 சதவீதம், வேலையாள் 8 சதவீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நீங்கள் 3 சதவீதம். சுமைதான். ஆனால் உங்களிடம் தைக்கும் பிள்ளையும் ஒரு பெண், அவளுக்கும் நாளை ஒரு சேமிப்பு வேண்டும்.

தனியே ஓடுவது கஷ்டம். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்தால்?

சேரலாம். எதற்காகச் சேர்கிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள். கடன் வாங்க மட்டும் சேர்ந்த குழு, தவணை முடிந்ததும் கலைந்துவிடும். நூல் மொத்தமாக வாங்க, ஒரே லேபிளில் மசாலா விற்க, ஒரே பார்சலில் கொழும்புக்கு அனுப்ப என்று ஒரு வேலையைச் சுற்றிச் சேர்ந்தால் நிலைக்கும். இந்தியாவின் அகமதாபாத்தில் தெருவியாபாரிகளும் வீட்டுத் தொழிலாளிகளுமான 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபா போட்டு 1974இல் தொடங்கிய கூட்டுறவு வங்கிதான் சேவா வங்கி. எழுதத் தெரியாத பெண்களும் அதன் உரிமையாளர்கள், இன்றும் இயங்குகிறது. நமக்கும் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம் இருக்கிறது, சங்கமாகப் பதியும் விதிகளை அங்கே கேட்கலாம். சேரும் முதல் நாளே மூன்று விடயங்களை எழுதி எல்லாரும் ஒப்பமிடுங்கள்: காசு யார் பொறுப்பில், இலாபம் எப்படிப் பிரியும், ஒருத்தி விலகினால் அவள் போட்ட காசு எத்தனை மாதத்துக்குள் திரும்பும்.