நீச்சல் குளமும் ஆஸ்துமா நோயாளியும்

மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் தெரு 1568-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தால் புகழ் பெற்றது. ஆயினும் அங்கு நுழைவோரை முதலில் எதிர்கொள்வது சுக்கு, மிளகு ஆகியவற்றின் மணமே. பழைய கிடங்குகள் பல கலைப்பொருள் கடைகளாக மாறிவிட்ட போதிலும், நறுமணப் பொருள் வாணிபம் அத்தெருவை விட்டு முற்றிலும் அகன்றுவிடவில்லை. பயணிக்கு மணமாகத் தோன்றுவது ஆஸ்துமா உடையவருக்குத் தூசியாகும். காயற்கரையின் ஈரக்காற்றும் மழைக்காலப் பூஞ்சையும் அவருடைய இடர்ப்பாட்டை மிகுவிக்கின்றன.

இத்தகைய சூழலில் வாழ்பவர் எந்த உடற்பயிற்சியை மேற்கொள்வது? மருத்துவர்கள் பெரும்பாலும் நீச்சலையே பரிந்துரைக்கின்றனர். ஓடும்போது விரைந்து உள்ளிழுக்கும் காற்று மூச்சுக்குழல்களின் உட்புற ஈரத்தை உலர்த்துகிறது. அதனால் அவற்றைச் சூழ்ந்த தசைகள் இறுகுகின்றன. நீர்ப்பரப்பின் மேலுள்ள காற்று ஈரம் மிக்கதாதலால் இவ்விறுக்கம் குறைகிறது. 262 சிறார் பங்கேற்ற எட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான மதிப்பீடு ஒன்று, நீச்சல் பயிற்சியால் உடல் தகுதியும் நுரையீரல் திறனும் உயர்வதாகக் கண்டது. நோய் நீங்கிவிடும் என்று அது கூறவில்லை. மகன் நீந்தத் தொடங்கிவிட்டான் என்று மருந்தை நிறுத்திவிடும் பெற்றோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

குளத்திலும் ஓர் இடையூறு உண்டு. குளோரின் வாடை மிகுந்த குளம் தூய்மையானது என்பது பரவலான எண்ணம். உண்மை நேர்மாறானது. குளிப்போரின் வியர்வையுடனும் சிறுநீருடனும் குளோரின் வினைபுரிந்து உண்டாகும் குளோரமைன்களே அவ்வாடைக்குக் காரணம். அவற்றுள் ட்ரைக்குளோரமைன் எளிதில் ஆவியாகி, நீந்துபவர் மூச்சு வாங்கும் உயரத்திலேயே தங்குகிறது. கூரையிட்ட குளங்களுக்கும் பள்ளிச் சிறாரின் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 2003-இல் எழுதினர். பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் அதனை உறுதிப்படுத்தவில்லை. எனினும், இறங்குமுன் சோப்பிட்டுக் குளிக்கச் செய்வதும் காற்றோட்டத்தைப் பெருக்குவதும் குளத்தை நடத்துவோரின் கடமைகளாகும். முன்னதற்குச் செலவே இல்லை. நடைமுறையில் புறக்கணிக்கப்படுவதும் அதுவே.

நீந்துபவர் செய்ய வேண்டியன சிலவே. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை மருத்துவர் கூறியவாறு தவறாது பயன்படுத்த வேண்டும். உடனடி நிவாரணம் தரும் சால்புட்டமாலை மட்டுமே நம்பியிருத்தல் ஆகாது என்று கினா எனப்படும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019 முதல் வலியுறுத்தி வருகிறது. மருத்துவர் கூறியிருப்பின், நீந்துவதற்கு ஏறத்தாழ 15 நிமிடங்களுக்கு முன் நிவாரண மருந்தை எடுத்துக்கொண்டு, மெதுவாக நீந்தி உடலைப் பழக்கலாம். இன்ஹேலர் பூட்டிய அலமாரியில் அன்று, குளக்கரையில் இருக்க வேண்டும். மூச்சுத் திணறுபவரால் நீருக்குள்ளிருந்து கூவி அழைக்க இயலாது. ஆகவே, பயிற்சியாளரிடம் நோயை மறைத்தல் பேராபத்து. மார்பு இறுகும்போதே கரையேறி நிமிர்ந்து அமர்ந்து மருந்து எடுக்க வேண்டும். தணியாவிடில் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

போட்டியாளர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் நொடியின் நூறில் ஒரு பங்கு இடைவெளியில் தங்கம் வென்ற அமெரிக்கர் ரிக் டிமான்ட், தம் ஆஸ்துமா மருந்தில் எபெட்ரின் இருந்தமையால் பதக்கத்தை இழந்தார். அவர் அம்மருந்தைப் படிவத்தில் முன்பே குறிப்பிட்டிருந்தார். மேலிடத்தில் அனுமதி பெற வேண்டிய அலுவலர்கள் அதனைச் செய்யவில்லை. படிவங்களைக் கையாளும் நம்மனோர்க்கு இது புதிய கதையன்று! இன்று சால்புட்டமால் இன்ஹேலர், 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, எட்டு மணி நேரத்தில் 600-க்கு மிகாமல் அனுமதிக்கப்படுகிறது.

2019-ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, உலக ஆஸ்துமா நோயாளிகளுள் ஏறத்தாழ 13 விழுக்காட்டினரே இந்தியர். இறப்புகளிலோ நம் பங்கு 40 விழுக்காட்டுக்கும் அதிகம். சால்புட்டமால், புடெசொனைடு ஆகிய இரண்டும் இந்திய அரசின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளன. பட்டியலில் உள்ள மருந்து, கிடங்கில் சுக்குப் புடைப்பவரின் கைக்கும் குளத்தில் நீந்தும் அவர் மகளின் பைக்கும் மாதந்தோறும் வந்து சேர்கிறதா என்பதை மாவட்ட நலவாழ்வு அலுவலர்கள் கணக்கெடுக்கலாம்.