சிறுசொல் செய்யும் பெருவேலை

ஆங்கிலம் பயிலும் மாணவர் பலரிடம் வியப்பான ஒரு நிலையைக் காண்கிறேன். அரிய சொற்களுக்கு அஞ்சாத அவர்கள் எளிய சொற்களைக் கண்டு மயங்குகிறார்கள். 'போஸ்ட்போன்' என்றால் ஒத்திவைத்தல் என்று உடனே விடை கூறுவர். 'புட் ஆஃப்' என்றால் திகைப்பர். 'டாலரேட்' என்றால் பொறுத்துக்கொள்ளுதல் என்பது அவர்களுக்குத் தெரியும். 'புட் அப் வித்' என்றால் விழிப்பர். 'புட்', 'அப்', 'ஆஃப்', 'வித்' ஆகிய யாவும் தொடக்க வகுப்பிலேயே கற்ற சொற்கள் அல்லவா? தெரிந்த சொற்கள் கூடித் தெரியாத பொருளைத் தருவது எங்ஙனம்?

வினைச்சொல் ஒன்றனோடு ஓர் இடைச்சொல்லோ இரண்டோ சேர்ந்து, ஒரே வினையாய் நின்று பொருள் தருவதை ஆங்கில இலக்கணத்தார் 'பிரேசல் வெர்ப்' என்பர். நாம் அதனைக் கூட்டுவினை என அழைப்போம். 1925 ஆம் ஆண்டில் லோகன் பியர்சால் ஸ்மித் வெளியிட்ட 'வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்' என்னும் நூலில் அப்பெயரைக் காண்கிறோம். பெயர் புதிது, பொருளோ பழையது. 1755 இல் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வேற்றுமொழியாளர்க்கு மிகுந்த இடர் தருவது இச்சேர்க்கையே என்று முன்னுரையிலேயே குறித்துள்ளார். ஆகவே, இங்கே தடுமாறும் மாணவர் நாணவேண்டுவதில்லை.

இத்தடுமாற்றத்திற்கு வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. 1066 இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் பிரெஞ்சுச் சொற்களும், இலத்தீன் சொற்களும் அரசவை, நீதிமன்றம், கல்விக்கூடம் ஆகியவற்றின் வழியே ஆங்கிலத்தில் திரளாகப் புகுந்தன. அடுக்களையிலும் வயலிலும் பழைய சொற்களே வாழ்ந்தன. எனவேதான் ஒரே செயலுக்கு இருவகைச் சொற்கள் அமைந்தன. விளக்கை அணைத்தல் ஏட்டில் 'எக்ஸ்டிங்குவிஷ்'. வீட்டில் 'புட் அவுட்'. தொடர்தல் ஏட்டில் 'கன்டினியூ'; வீட்டில் 'கோ ஆன்'. நாம் ஏட்டின் வழியே ஆங்கிலம் கற்பவர்கள். ஆதலின் முதல்வகைச் சொற்களே நமக்கு முந்திக் கிடைக்கின்றன.

இதனால் என்ன குறை என்று கேட்கலாம். நம் நாட்டில் பயின்ற மருத்துவரும் செவிலியரும் இங்கிலாந்தில் பணியாற்றுகின்றனர். அங்கே நோயாளி தாம் வாந்தி எடுத்ததைத் 'த்ரோ அப்' என்று சொல்லக்கூடும். வீக்கம் வடிந்ததைக் 'கோ டவுன்' என்பார். மயங்கி விழுதலுக்கு அவர்கள் கூறும் சொல் 'பாஸ் அவுட்'. நம் நாட்டு ஆங்கிலத்திலோ அது கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறுதலைக் குறிக்கிறது. 'பாஸ் அவே' என்றாலோ இறத்தல். மயக்கத்திற்கும் மரணத்திற்கும் இடையே ஓர் இடைச்சொல்லே வேறுபாடு! இதனைச் சிறிய செய்தி என்று தள்ளிவிடலாமா?

இக்கூட்டுவினைகளை விளங்கிக்கொள்ளும் திறவுகோல் நம் மொழியிலேயே இருக்கிறது. 'குழந்தையைப் பார்' என்பது வேறு. 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்பது வேறு. பின்னதில் 'கொள்' என்பது வாங்குதலைக் குறிக்கவில்லை. பேணுதல் என்னும் புதுப்பொருளைப் பிறப்பிக்கிறது. ஆங்கிலத்தில் 'லுக்' என்பதும் 'லுக் ஆஃப்டர்' என்பதும் இவ்வாறே வேறுபடுகின்றன. 'கட்டுரைகளை எழுதித் தள்ளினார்' என்னும்போது அங்கே யாரும் எதையும் தள்ளவில்லை. அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடும் வெளிநாட்டார் அங்கே படும் பாட்டைத்தான் நாம் ஆங்கிலத்தில் படுகிறோம். நாம் துணைவினையால் செய்வதை ஆங்கிலேயர் இடைச்சொல்லால் செய்கின்றனர், வேறுபாடு அவ்வளவே.

இனி, கற்கும் முறையைக் காண்போம். முதலாவதாக, இடைச்சொல்லின் குறிப்பை உணருங்கள். 'அப்' என்பது மேலே என்னும் பொருளோடு முற்றும் என்னும் பொருளையும் தரும்: 'ஈட் அப்' என்றால் மிச்சமின்றி உண்ணுதல், 'யூஸ் அப்' என்றால் முழுதும் செலவிடுதல். 'ஆஃப்' பெரும்பாலும் விலகுதலைக் காட்டும்: 'கட் ஆஃப்' என்றால் துண்டித்தல், 'கால் ஆஃப்' என்றால் கைவிடுதல். வேலைநிறுத்தம் 'கால் ஆஃப்' ஆயிற்று என்று செய்தி வந்தால், அழைப்பு விடுத்தனர் என்று கொள்ளலாகாது. கைவிட்டனர் என்பதே பொருள். எனினும், இக்குறிப்பு எங்கும் கைகொடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வீடு எரிந்து சாம்பலானால் 'பர்ன் அப்' என்றும் சொல்வர். 'பர்ன் டவுன்' என்றும் சொல்வர்!

இரண்டாவதாக, சொல் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். 'ரன் அப் எ ஹில்' என்றால் குன்றின்மேல் ஓடுதல். 'ரன் அப் எ பில்' என்றால் கடைக்காரரிடம் பாக்கியை ஏற்றிக்கொள்ளுதல். பின்னதில் 'அப்' இடம்பெயரும். 'ரன் எ பில் அப்' என்றும் கூறலாம். முன்னதில் அது பெயராது. இடம்பெயரும் வகையில் 'இட்' போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்கவேண்டும்: 'புட் இட் ஆஃப்' என்பதே முறை, 'புட் ஆஃப் இட்' என்பது பிழை. ஆயின், பிரியாத வகையில் 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்றே வரும்.

மூன்றாவதாக, ஒலியைக் கேளுங்கள். 'பிரேக் டவுன்' வினையாகும்போது அழுத்தம் 'டவுன்' என்பதில் விழும்; பெயராகும்போது 'பிரேக்' என்பதில் விழும். 2020 இல் பெருந்தொற்றுக் காலத்தில் யாவரும் அறிந்த 'லாக்டவுன்' என்பதும் இவ்வாறு பிறந்த பெயரே.

எழுத்தில் இவற்றை ஆளலாமா என்று மாணவர் கேட்கின்றனர். தாராளமாக ஆளலாம், நாளிதழ்கள் நாள்தோறும் ஆளுகின்றன. ஆயின் இடமறிந்து ஆளவேண்டும். தோழனுக்கு எழுதும் மடலில் 'புட் ஆஃப்' இயல்பாக இருக்கும். அலுவலக விண்ணப்பத்தில் 'போஸ்ட்போன்' பொருந்தும். வேண்டாத இடத்தில் இடைச்சொல்லை ஒட்டுதலும் தவறு. நம்மவர் பலர் 'கோப் அப் வித்' என்கின்றனர். 'கோப் வித்' என்பதே சரி.

1930 இல் சி. கே. ஆக்டன் 850 சொற்களைக் கொண்டே ஆங்கிலம் பேச ஒரு திட்டம் வகுத்தார். அதில் வினைகள் 18 மட்டுமே. 'என்டர்' என்பதற்குக் 'கோ இன்' என்றாற்போல, இடைச்சொற்களின் துணையால் அவர் குறையை நிரப்பினார். சில வினைகள் எத்துணைப் பணி செய்யவல்லன என்பதற்கு இது சான்று. எனவே, மாணவர்களே, ஒரு குறிப்பேட்டில் இடைச்சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படிக்கும்போதும் கேட்கும்போதும் எதிர்ப்படும் கூட்டுவினையை, அது வந்த வாக்கியத்தோடு அப்பக்கத்தில் எழுதி வையுங்கள். தனிச்சொல்லாக மனப்பாடம் செய்தது மறந்துபோகும். வாக்கியத்தோடு கற்றது, வேண்டும்போது தானே நாவிற்கு வரும்.