பூனைக்கும் சுகர்: காது ஓரத்துல ஒரு சொட்டு ரத்தம்

பூனைக்கு சுகர் வரும்னு சொன்னா இன்னும் பலர் சிரிக்கிறாங்க. வரும். வயசான, உடம்பு பெருத்த, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு அதிகமா வரும். தண்ணிக் கிண்ணம் சீக்கிரம் காலியாகும், லிட்டர் பாக்ஸ் நனைஞ்சே கிடக்கும், நல்லா தின்னும், ஆனா மெலிஞ்சுக்கிட்டே போகும். சில பூனைங்க பின்னங்கால் விரல்ல ஊன்றாம, குதிங்கால் தரையில படுற மாதிரி நடக்கும். சர்க்கரை நரம்பைத் தொட்டதோட அடையாளம் அது. இதுல எதைப் பாத்தாலும் டாக்டர்கிட்ட போயிடுங்க. இன்னைக்குப் பேசப்போறது அதுக்கு அடுத்த கட்டம். இன்சுலின் தொடங்கியாச்சு, வீட்டுலயே சுகர் பாக்குறது எப்படி?

முதல்ல, ஏன் வீட்டுல? நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு பூனையைக் கொண்டு போறதா வச்சுக்கோங்க. சுமார் 80 கிலோமீட்டர். கூடைக்குள்ள அடைச்சு, ஆரல்வாய்மொழி காத்தையும் லாரி ஹாரனையும் தாண்டி, கடைசியில நாய்கள் குரைக்கிற வரிசையில போய் உக்காரணும். பயத்துல அட்ரினலின் சுரக்கும், கல்லீரல் சேத்து வச்ச குளுக்கோஸை ரத்தத்துல கொட்டும். சுகரே இல்லாத பூனைக்குக்கூட அந்த நேரம் 300 காட்டலாம். சாதாரணமா இருக்க வேண்டியது ஏறத்தாழ 70 முதல் 150 வரைதான். பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு ஆட்டோவுல போனாலும் இதே கதைதான். அந்த 300-ஐ மட்டும் நம்பி டோஸை ஏத்தினா, வீட்டுக்கு வந்து பயம் தெளிஞ்சதும் அதே டோஸ் சுகரைப் பாதாளத்துக்கு இறக்கிடும். தன்னோட பாயில படுத்திருக்கிற பூனை காட்டுற எண்ணைத்தான் நம்பலாம்.

சரி, ரத்தம் எங்க எடுக்கிறது? காது ஓரத்துல. விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய ரத்தக்குழாய் ஓடும். குழாயையே குத்த வேண்டாம், அதுக்கும் விளிம்புக்கும் நடுவுல குத்தினா போதும். காது சில்லுன்னு இருந்தா ரத்தம் வராது. ஒரு சுத்தமான சாக்ஸுக்குள்ள பிடி அரிசி போட்டு, லேசா சூடாக்கி, உங்க கையில சூடு பாத்துட்டு, காதுல அரை நிமிஷம் வைங்க. நாஞ்சில் நாட்டு வீட்டுல அரிசிக்கா குறை! காதுக்குப் பின்னால பஞ்சை மடிச்சுப் பிடிச்சுக்கோங்க, இல்லைன்னா ஊசி உங்க விரல்ல இறங்கும். சொட்டு வந்ததும் ஸ்ட்ரிப் நுனியைத் தொட்டா அதுவே உறிஞ்சிக்கும். அப்புறம் பஞ்சை அழுத்தி அரை நிமிஷம் பிடிங்க, இல்லைன்னா காது கன்னிப்போகும். முடிஞ்சதும் உப்புப் போடாம அவிச்ச மீன் ஒரு துண்டு. முதல் ரெண்டு மூணு நாள் ஊசியே வேண்டாம். காதைத் தொடு, மீன் கொடு, விடு. பைய பழகிக்கும். ரெண்டு தடவை குத்தியும் ரத்தம் வரலைன்னா அன்னைக்கு விட்டுடுங்க, மல்லுக்கட்ட வேண்டாம்.

மனுஷங்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்துல பொதுவா உண்மையைவிடக் குறைவாக் காட்டும். ரத்தச் சிவப்பணுவுக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையில குளுக்கோஸ் பிரிஞ்சிருக்கிற விதம் நமக்கும் அதுக்கும் வேற. விலங்குகளுக்குன்னே மீட்டர் உண்டு. அது கிடைக்கலைன்னா, எந்த மீட்டர்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு, கடைசிவரை அதே மீட்டரை வச்சுக்கோங்க. இன்னொன்னு, ரெண்டு பருவமழையும் பெய்யிற மாவட்டம் நம்மது. ஸ்ட்ரிப் டப்பாவை ஈரக் காத்துல திறந்து போட்டா எண்ணே தப்பாகிடும்.

இப்ப நான் ரொம்ப பயப்படுற விஷயத்துக்கு வர்றேன்: சிரிஞ்ச். நம்ம ஊர் மெடிக்கல்ல கிடைக்கிற பல இன்சுலின் வயல்கள் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதுக்கான சிரிஞ்ச் மூடி சிவப்பு. பூனைகளுக்கு அதிகமா எழுதுற கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 மருந்தை 40 சிரிஞ்சுல ஒரு கோடு இழுத்தா, உள்ள போறது ரெண்டரை யூனிட். நாலு கிலோ பூனைக்கு ஒரு யூனிட் கூடினாலே பெரிய விஷயம். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்"னு சொன்னாலும் வாங்காதீங்க, மூடி நிறத்தையும் மேல போட்டிருக்கிற எண்ணையும் பாருங்க.

ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலயும் சுகர் பாக்கணும். எந்த எண்ணுக்குக் கீழ போனா ஊசி போடக்கூடாதுன்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. சாப்பிடாத பூனைக்கு வழக்கமான டோஸைக் குத்தாதீங்க, போன் பண்ணிக் கேளுங்க. 60-க்குக் கீழ போனாலோ, தள்ளாடினாலோ, துவண்டு விழுந்தாலோ, தேனை விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. மார்த்தாண்டத்துக்காரங்களுக்குத் தேன் எங்க கிடைக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. நக்கும்னு காத்திருக்க வேண்டாம். பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாது. வலிப்பு வந்தா வாய்க்குள்ள விரலை விடாதீங்க, எதையும் ஊத்தாதீங்க. உதட்டோரத்துல தடவிட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. தெளிஞ்சாலும் டாக்டர் பாக்கணும், இன்சுலின் இன்னும் உள்ள வேலை செஞ்சுட்டு இருக்கும்.

சாப்பாடு. நம்ம வீடுகள்ல பூனைக்கு மீன்குழம்புச் சோறுதான் பழக்கம். பூனை இறைச்சி தின்னப் பிறந்த உயிர். சோத்தைக் குறைச்சு, டாக்டர் சொல்ற புரதச் சாப்பாட்டுக்கு மாத்தினா சுகர் இறங்கும். ஆனா அதை டாக்டருக்குத் தெரியாம, ஒரே நாள்ல மாத்திட்டு பழைய டோஸையே போட்டா ஆபத்து. மாத்துற வாரங்கள்ல அடிக்கடி பாருங்க. டாக்டர் சொல்ற ஒரு நாள்ல, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு 12 மணி நேரம் பாத்து எழுதினா, ஊசி எப்ப உச்சத்துல வேலை செய்யுது, எவ்வளவு ஆழம் இறக்குதுன்னு தெரிஞ்சிடும். டோஸை மாத்துறது அந்த நோட்டைப் பாத்து டாக்டர் எடுக்கிற முடிவு.

சீக்கிரமே கட்டுக்குள்ள வந்த சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமப் போறதும் உண்டு. அப்பவும் மீட்டரைத் தூக்கி உள்ள வச்சிடாதீங்க. சுகர் திரும்ப வரலாம். எத்தனை நாளைக்கு ஒருமுறை பாக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டு, காலண்டர்ல குறிச்சு வைங்க.