வானத்தை மூடிய வரைபடம்

2010 ஏப்ரல் 14 அன்று ஐஸ்லாந்தின் எய்யாஃபியாட்லாயோகுட் எரிமலை, தன் மேல் கிடந்த பனிப்பாறையைப் பிளந்துகொண்டு வெடித்தது. மறுநாளே பிரிட்டனின் வான்வெளி மூடப்பட்டது. ஒரு வாரத்துக்குள் ஐரோப்பாவில் சுமார் ஒரு லட்சம் விமானப் பயணங்கள் ரத்தாயின. பல ஊர்களில் அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெளிந்த நீல வானம்தான் தெரிந்தது. சாம்பல் இருந்த இடத்தைக் காட்டியது, கணினி வரைந்த ஒரு படம்.

அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்தது பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் ‘நேம்’ என்ற மென்பொருள். அது முதலில் எரிமலைக்காக எழுதப்பட்டதல்ல. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. இரண்டு நாள் கழித்து, 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால், சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணி கதிர்வீச்சு அலாரத்தை அலறவைத்தது. தங்கள் உலையில் கசிவு இல்லை என்று உறுதியானதும், காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் பார்த்தார்கள். அது சோவியத் யூனியனைக் காட்டியது. அன்று இரவுதான் மாஸ்கோ விபத்தை ஒப்புக்கொண்டது. அந்தப் பாடத்துக்குப் பிறகு, அணு விபத்துக்கென்றே பிரிட்டன் உருவாக்கியதுதான் நேம்.

நேம் போன்ற கணினி மாதிரி வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள, ஒரே ஒரு துகளைப் பின்தொடர்ந்தால் போதும். வானிலைக் கணிப்புக்காக வளிமண்டலம் ஏற்கெனவே கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் வேகமும் திசையும் கணக்கிடப்பட்டிருக்கும். நம் துகள் எரிமலைக்கு மேல் 6 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கணினி அந்த இடத்தின் காற்றை எடுத்து, அடுத்த சில நிமிடங்களில் துகள் எங்கே போயிருக்கும் என்று அதை நகர்த்துகிறது. ஆனால் கட்டத்தின் சராசரிக் காற்றுக்குள் அடங்காத சின்னச் சின்னச் சுழல்களும் உண்டு. ஊதுபத்திப் புகை நேராக எழும்பிச் சற்று மேலே போனதும் நெளிந்து சிதறுவது இத்தகைய சுழல்களால்தான். அவை ஒவ்வொன்றையும் கணக்கிட எந்தக் கணினியாலும் ஆகாது. அதனால் ஒவ்வொரு அடியிலும் துகளுக்கு மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒரு சிறு தள்ளல் கொடுக்கப்படுகிறது. அதன் அளவு தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படுவது. ஒரு துகளின் பாதையை மட்டும் பார்த்தால் அது பயனற்றது. லட்சக்கணக்கான துகள்களை இப்படி ஓடவிட்டால், அவை கூடும் இடமும் கலையும் இடமும் மேகத்தின் உருவத்தைக் காட்டிவிடும்.

இதற்கு மேல் எடையும் இருக்கிறது. 100 மைக்ரோமீட்டர் அகலமுள்ள சாம்பல் துகள் அந்த 6 கிலோமீட்டரைச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். 10 மைக்ரோமீட்டர் துகளோ நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காது. தானாக விழ அதற்கு ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும். அதற்குள் காற்று அதைக் கண்டம் தாண்டிக் கொண்டுபோய்விடும்.

மழை வந்தால் கதையே மாறும். செர்னோபில் மேகம் பிரிட்டனைக் கடந்தபோது வேல்ஸ், கம்ப்ரியா மலைப்பகுதிகளில் மழை பெய்தது. கதிரியக்க சீசியம் அங்கே புல்வெளியில் இறங்கியது. செம்மறி ஆடுகள் மீதான கட்டுப்பாடுகள் முழுவதுமாக விலக 2012 வரை ஆயிற்று.

இதையெல்லாம் எப்படி நம்புவது? 1994 அக்டோபரில் வடமேற்கு பிரான்சின் மோன்டர்ஃபில் என்ற ஊரில், இயற்கையில் கிடைக்காத, தீங்கற்ற ஒரு வாயுவைப் பன்னிரண்டு மணி நேரம் வெளியேவிட்டார்கள். 17 நாடுகளில் 168 நிலையங்கள் காற்றைப் பிடித்து அளந்தன. பல நாட்டு மாதிரிகளின் கணிப்புகள் அந்த அளவீடுகளோடு ஒப்பிடப்பட்டன. கணினியில் எழுதியதை வானத்தில் சரிபார்த்த இந்தச் சோதனையை, இத்துறையின் மிக நேர்மையான செயல்களில் ஒன்றாக நான் கருதுகிறேன்.

அந்தச் சோதனையில் எவ்வளவு வாயு கிளம்பியது என்பது துல்லியமாகத் தெரியும். எரிமலையில் தெரியாது. புகைத்தூண் எவ்வளவு உயரம் எழுகிறது என்பதை ரேடாரில் பார்த்து, எவ்வளவு சாம்பல் வெளியேறுகிறது என்று மதிப்பிடுகிறார்கள். இங்கேதான் சிக்கல். சாம்பலின் அளவு, உயரத்தின் ஏறக்குறைய நான்காம் படியைப் பின்பற்றுகிறது. உயரத்தைப் பத்து விழுக்காடு கூட்டிச் சொன்னால், சாம்பல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடும். காற்றைக் கணிப்பது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இந்தப் பிழையை அது திருத்தாது.

2010இல் மாதிரியை வசைபாடியவர்கள் ஏராளம். என் பார்வையில் குறை அங்கே இல்லை. 1982இல் ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு இன்ஜின்களும் நின்றுபோயின. சாம்பல் இன்ஜினுக்குள் உருகிக் கண்ணாடிபோல ஒட்டிக்கொள்ளும் என்பது அன்றே தெரிந்தது. எவ்வளவு சாம்பலை இன்ஜின் தாங்கும் என்ற எண் மட்டும் 28 ஆண்டுகள் கழித்தும் நடைமுறையில் இல்லை. சாம்பல் இருந்தால் விலகு என்பதே விதி. வான்வெளி மூடிய பிறகு அவசரமாக ஒரு வரம்பு வந்தது: ஒரு கனமீட்டர் காற்றில் 2 மில்லிகிராம். பிறகுதான் விமானங்கள் கிளம்பின.

தமிழ்நாட்டில் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இத்தகைய மாதிரிகளைப் பயன்படுத்துகிறது. அங்கே பெரிய சவால் கடல்காற்று. பகலில் அது திசைமாறி உள்நாட்டுக்குள் புகும்போது, சூடான தரையின் மேல் கொந்தளிப்பான ஓர் அடுக்கு உருவாகி, கரையிலிருந்து உள்ளே போகப்போக உயர்ந்துகொண்டே போகும். உயரத்தில் மிதந்து வந்த துகள் அந்த அடுக்கில் மாட்டினால், சுழல்கள் அதைத் தரைக்கு இறக்கிவிடும். பெரிய கட்டங்களில் இது கண்ணில் படாது. கல்பாக்கத்துக்குக் கணக்கிடும்போது கட்டங்களைச் சிறிதாக்குவது அதற்காகத்தான்.