ஈய எழுத்துக் காலமும் அழிக்கும் விசைக் காலமும்

கையால் எழுத்துக் கோத்த நாட்களில், புரூஃபில் ஒரு சொல்லைச் சேர்த்தால் கம்பாசிடருக்கு அந்தப் பத்தி முழுக்க வேலை. ஈய எழுத்துகளை வரிவரியாகத் தள்ளி, பத்தி முடியும்வரை இடைவெளியைச் சரிக்கட்ட வேண்டும். அதனால் விவரமறிந்தவர்கள் ஒரு சொல்லை எடுத்தால் ஏறக்குறைய அதே அகலத்தில் இன்னொன்றைத் தேடி வைத்தார்கள். சிறிய அச்சகங்களில் எழுத்துக் கையிருப்பும் குறைவு. எட்டோ பதினாறோ பக்கம் கொண்ட ஒரு ஃபாரம் அச்சானதும், எழுத்துகளைப் பிரித்து கேஸ் எனும் எழுத்துப்பெட்டியில் போட்டால்தான் அடுத்ததைக் கோக்க முடியும். பத்தாம் அத்தியாயத்துக்குப் புரூஃப் பார்க்கும்போது முதல் அத்தியாயம் பிடிக்காமல் போனால், போனதுதான்.

ஆகவே திருத்தமெல்லாம் கையெழுத்துப் பிரதியிலேயே நடந்தாக வேண்டியிருந்தது. 1849இல் சென்னையில் அச்சியந்திரம் வாங்கி யாழ்ப்பாணம் கொண்டுபோன ஆறுமுக நாவலரின் பதிப்புகள் பிழையின்மைக்குப் பெயர்பெற்றவை. படிப்பவர் தடுமாறக்கூடாதென்று உரைநடையில் நிறுத்தக்குறிகளைக் கவனமாகக் கையாண்டவர் அவர். வாசகர்மீது காட்டிய மரியாதையாகவே எனக்கு அது படுகிறது.

பெரிய அச்சகங்களில் காப்பி ஹோல்டர் மூலப்பிரதியை உரக்கப் படிப்பார். புரூஃப் ரீடர் அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டே வருவார். பிழை பிடிப்பதற்கான ஏற்பாடுதான். ஆனாலும் மூச்சு முட்டும் வாக்கியமும், அடுத்தடுத்து வரும் ‘கொண்டிருந்தான்’களும் காதில் இடறாமல் போகா.

இன்று ஐந்தாம் பத்தியைத் தூக்கி முதலில் வைக்க இரண்டு நொடி போதும். அன்று அதற்காகக் கட்டுரை முழுவதையும் மறுபடி எழுத வேண்டியிருந்தது. இது சாதாரண லாபமல்ல. நீச்சல்காரன் உருவாக்கிய கணினிக் கருவிகளில் ‘நாவி’ சந்திப்பிழையையும், ‘வாணி’ எழுத்துப்பிழையையும் காட்டித் தருகின்றன. இத்தனை வசதி வந்த பிறகு, எழுதியதைத் திரும்பப் படிக்கும் பழக்கம் குறைந்துவிட்டதே என்பதுதான் என் வருத்தம். புரூஃப் வந்துசேரும்வரை காத்திருந்த நாட்களில் எழுதிய சூடு ஆறிவிடும். தன் எழுத்தையே அயலார் எழுத்தாகப் படிக்க முடிந்தது. இப்போது எழுதிய சூட்டிலேயே வெளியிட்டுவிடுகிறோம்.

‘அவர் தனது வீட்டிற்குச் சென்றுகொண்டிருந்த சமயத்தில் மழை பெய்ய ஆரம்பித்தது.’ பிழைதிருத்திக்கு இதில் குறையே தெரியாது. ‘வீடு திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது’ என்றால் மூன்று சொல் மிச்சம். மழையும் உடனே வந்துவிடுகிறது. இதைச் சொல்ல இன்னொரு மனிதர் வேண்டும். 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தில், எழுத்தாளரோடு உட்கார்ந்து பிரதியைச் செம்மைப்படுத்துவதைப் பதிப்பாளரின் கடமையாகவே கருதினார் அதன் நிறுவனர் ராமகிருஷ்ணன். 2020இல் அவர் மறைந்தார். பல பதிப்பகங்களில் இன்றும் எடிட்டர் என்றால் ஒற்றுப் பார்ப்பவர் என்றே பொருள்.

அந்த மனிதர் கிடைக்காதபோது, ஒரு ராத்திரி கடக்கவிட்டு நாமே உரக்கப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முக்கியமாக, தொடக்கத்தை. கைபேசியில் படிப்பவர் கட்டைவிரலை ஒருமுறை தள்ளினால் நம்மைத் தாண்டிப் போய்விடுவார். நாமோ இரண்டு பத்திக்குப் பீடிகை போட்டு, மூன்றாவதில்தான் விஷயத்துக்கு வருகிறோம். அந்த இரண்டையும் வெட்டிவிட்டுப் படித்துப் பாருங்கள்; பெரும்பாலும் கட்டுரைக்கு ஒன்றும் ஆவதில்லை. மனம் கேட்காவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம், எந்தக் கம்பாசிடருக்கும் கூடுதல் வேலையில்லை.