மனநலப் பணிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏர்வாடி சொல்லும் பாடம்

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். எழுந்து ஓட வழியில்லை. 28 உயிர்கள் போயின. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன.

“மனநலத் துறையில் வேலைக்குப் போகலாமா?” என்று கேட்கும் ராமநாதபுரத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். முறையான மருத்துவமும் கண்காணிப்பும் இல்லாத இடத்தில், பராமரிப்பு என்ற பெயரிலேயே மனிதரைக் கட்டிப்போட்டுவிட முடியும். இந்த வேலைக்கு வருகிறவர் தன் எல்லையையும், எதிரே இருப்பவரின் உரிமையையும் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

ஆட்கள் நிச்சயம் வேண்டும். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மீனவர் எப்போது திரும்புவார் என்று தெரியாமல் தவிக்கும் வீடுகள் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இருக்கின்றன. மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமில் போரையும் கடலையும் தாண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் பேச்சு, நம்ம ஊர்ப் பிள்ளைக்குப் புரிவதுபோல் வேறு யாருக்குப் புரியும்?

எந்த வழியில் வருவது?

மருந்து எழுதித் தரும் உரிமை மருத்துவருக்கு மட்டுமே. மனநல மருத்துவராக எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு வேண்டும். மருத்துவ உளவியலாளராக, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் அதன் பதிவு எண்ணும் வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992-ஆம் ஆண்டு மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. சமூகப் பணியில் முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) முடித்தவர்கள் மனநல சமூகப் பணியில் சிறப்புப் படிப்பு படிக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் அதற்குப் பேர்போன இடம். நர்சிங் படித்தவர்களுக்கும் தனி வழி உண்டு.

சில வாரப் பயிற்சி தந்து, “நீங்களும் உளவியல் நிபுணர்” என்று சான்றிதழ் நீட்டும் இடங்களிடம் கவனமாக இருங்கள். பணம் கட்டும் முன், அந்தப் படிப்புக்கு மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். குறுகிய காலப் பயிற்சி தன்னார்வலருக்கு உதவும். நோயைக் கண்டறியும் தகுதியைத் தராது.

முதல் பேச்சு

ஏர்வாடி தர்காவுக்கு மகனை அழைத்து வரும் தாய் இப்படித்தான் ஆரம்பிப்பார்: “ஏதோ காத்து அடிச்சிருக்கும்மா. புள்ள தூங்கிப் பதினஞ்சு நாளாச்சு.” புதிதாக வேலைக்கு வந்தவர், ‘காத்து கருப்பெல்லாம் இல்லைம்மா’ என்று வாதாடத் தொடங்கினால், அந்தத் தாய் எழுந்து போய்விடுவார். இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். “பதினஞ்சு நாளாவா? சாப்பிடுறானாம்மா? செத்துப்போயிடலாம்னு ஏதாச்சும் பேசினானா?” என்று கேளுங்கள். சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். ஆமாம் என்றால் மகனைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வேண்டுதல் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும். குஜராத்தின் உனாவா தர்காவில் தொடங்கிய ‘தவா-துவா’ (மருந்தும் வேண்டுதலும்) முறை ஏர்வாடிக்கு வந்ததும் இந்தப் புரிதலில்தான்.

நீங்கள் காக்க வேண்டிய உரிமைகள்

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தை ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். மனநோய் உள்ளவரை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது 95-ஆவது பிரிவு. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் அரசு இலவச சிகிச்சை தர வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் கருதுகிறது. அவருக்குப் பராமரிப்பு தருவது அரசின் கடமை. நோயாளியைப் பற்றிய விவரம் ரகசியம். மீன் ஏலம் போகும் இடத்தில் ஒரு வார்த்தை நழுவினால், பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைவதும் சிரமமாகும்.

உங்களுக்கும் பாதுகாப்பு வேண்டும்

நாள் முழுக்கப் பிறர் துயரம் கேட்கிறவருக்குத் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். அது பலவீனம் இல்லை. வழிகாட்ட மூத்தவர் இருக்கும் நிறுவனத்தில் சேருங்கள். சம்பளமும் வேலை நேரமும் எழுதிய நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள். பணியிடத்தில் பாலியல் தொல்லை நேர்ந்தால் மூன்று மாதத்துக்குள் உள்ளகப் புகார் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் கொடுக்கலாம்.

எங்கே முறையிடுவது?

வீட்டில் யாரையாவது கட்டிவைத்திருப்பது தெரிந்தால் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியிடம் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை தர வேண்டும். காப்பகத்திலோ மருத்துவமனையிலோ குறை இருந்தால் முதலில் அங்குள்ள பொறுப்பு மருத்துவரிடமும், தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் போகலாம். மனநோய் உள்ளவர் தன் உரிமைக்காக இலவச சட்ட உதவி பெறலாம்; எண் 15100. சிகிச்சைக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பேசியே ஆக வேண்டும் என்ற நிலையில் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அழுத்தம் உங்களுக்கென்றாலும் அதே எண்தான்.

தம்பி, தங்கைகளே, இந்தப் படிப்புக்குச் சில ஆண்டுகள் ஆகும். அவசரப்படாமல் படித்து வாருங்கள். நம் கரையில் இனி ஒரு காலிலும் சங்கிலி விழக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.